விமானமும் எலுமிச்சம் பழமும்

வருஷந்தோறும் ஆயுத பூஜை வருகின்றது. அன்றைக்கு நம் நாட்டில் கத்தி முதல் கம்ப்யூட்டர் வரை, தறி முதல் லாரி வரை, உழைப்பாளியின் கையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் பூசி, பொரிகடலை படைத்து, நடுத்தெருவில் பூசணிக்காயை உடைத்து, அதில் வழுக்கி விழுந்து நாலு பேர் கையையும் காலையும் ஒடித்துக் கொள்ளுகின்றார்கள். இந்தக் கூத்து படிப்பு வாசனையில்லாத பட்டறைக்காரர்களோடு நின்றுவிடுவதாய் இருந்தால் நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் 2019-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 8-ந்தேதி இந்தியப் பாதுகாப்பு மந்திரி திரு. ராஜ்நாத் சிங் அவர்கள் பிரான்சு தேசத்துக்கே போய், ரஃபேல் என்னும் யுத்த விமானத்தைப் பெற்றுக்கொள்ளும்போது, அதன் மூக்கின்மேல் குங்குமத்தால் "ஓம்" என்று எழுதி, தேங்காயும் பூவும் வைத்து, சக்கரங்களின் கீழே எலுமிச்சம் பழங்களை வைத்தார். செய்து கொடுத்த தேசத்தார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மனதில் என்ன நினைத்தார்களோ நாம் அறியோம். நாம் கேட்பது ஒரே கேள்விதான். ஆகாயத்தில் அந்த விமானத்தைத் தாங்கி நிற்பது எது? எலுமிச்சம் பழமா, அல்லது அதைச் செய்த உலோகமும், செய்தவனுடைய அறிவுமா?

எலுமிச்சம் பழம்தான் என்றால் அந்த விமானத்துக்கு அத்தனை கோடி ரூபாய் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நம்மூர் மாட்டு வண்டியின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கூடைப் பழத்தைக் கொட்டியிருந்தால் அதுவே பறந்திருக்கும். உலோகமும் அறிவுந்தான் என்றால், பழத்துக்கு அங்கே என்ன வேலை? "வைப்பதனால் நஷ்டமென்ன?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். நஷ்டம் இருக்கின்றது. பெரிய நஷ்டம் இருக்கின்றது. அது இன்னதென்று விளக்கவே இத்தலையங்கம் எழுதுகின்றோம்.

முதலில் விமானம் எதனால் ஆனது என்று பார்ப்போம். சுத்தமான அலுமினியம் நம் வீட்டுச் சோற்றுப் பானையில் இருக்கின்றது. அது லேசானதுதான், ஆனால் கையால் அழுத்தினால் நசுங்கிப்போகும். இரும்போ பலமானது, ஆனால் கனம். லேசாகவும் இருக்க வேண்டும், பலமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் விமானம் செய்கின்றவனுடைய தொல்லை. ஜெர்மனி தேசத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஒருவர் 1906-ஆம் வருஷத்தில் அலுமினியத்தோடு சுமார் நூற்றுக்கு நாலு பங்கு செம்பும், கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்துக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்துப் பார்த்தார். நம் கொல்லன் உருக்குக் கத்தியைத் தோய்த்தால் உடனே அது கெட்டிப்படும். இதுவோ தோய்த்தவுடன் மெதுவாகவே இருந்தது. ஆனால் சில நாள் சென்று அதே துண்டைச் சோதித்தபோது, யாரும் தொடாமலே அது முன்னிலும் வெகு பலமாகிவிட்டிருந்தது. இதுதான் டியூரலுமின் என்ற பேரில் உலகமெங்கும் பரவி, விமானங்களின் எலும்பும் தோலுமாக ஆன உலோகம். இதில் செய்த சில ஜாதி ரிவிட்டுகளைத் தோய்த்தவுடன் பனிக்கட்டிக் குளிரில் போட்டு வைத்திருந்து, எடுத்த சற்று நேரத்திற்குள் அடித்து முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை கெட்டிப்பட்டு அடிக்க வராது. தொழிலின் நுட்பம் அப்படிப்பட்டது.

தொடாமல் கிடந்த உலோகம் தானாகவே பலமேறிற்று என்றால் நம் நாட்டில் என்ன நடந்திருக்கும்? அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, "சுயம்பு" என்று பேர் வைத்து, உண்டியல் வைத்து, ஸ்தல புராணமும் பாடியிருப்பார்கள். அங்கே அப்படிச் செய்யவில்லை. "காரணம் இன்னும் தெரியவில்லை" என்று யோக்கியமாய் ஒப்புக்கொண்டு தேடினார்கள். 1919-இல் அமெரிக்காவில் மெரிக்கா என்பவரும் அவர் கூட்டாளிகளும், கரைந்திருந்த செம்பு மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நின்று உலோகத்தைப் பலப்படுத்துகின்றது என்று யூகித்துச் சொன்னார்கள். 1938-இல் பிரான்சில் கினியே என்பவரும், இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்பவரும், தனித்தனியே எக்ஸ்-ரே கதிர் கொண்டு அந்த நுண்ணிய கூட்டங்களைக் கண்டுபிடித்து ருஜுப்படுத்தினார்கள். முப்பத்திரண்டு வருஷம்! "தெரியாது" என்று சொல்ல வெட்கப்படாதவனுக்கு முப்பத்திரண்டு வருஷத்தில் தெரிந்துவிட்டது. "எல்லாம் எங்களுக்கு ஆதியிலேயே தெரியும்" என்று சொன்னவனுக்கு மூவாயிரம் வருஷமாகியும் குண்டூசி செய்யத் தெரியவில்லை.

நிற்க. உலோகம் செய்தாகிவிட்டது, விமானமும் பறந்துவிட்டது என்றால் கதை முடிந்து போகவில்லை. தப்பு நேரும்போது மனிதன் என்ன செய்கின்றான் என்பதில்தான் பகுத்தறிவுக்கும் மூட நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அதற்கு காமெட் விமானத்தின் சங்கதியைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

காமெட் என்பது இங்கிலாந்தில் டி ஹாவிலண்டு கம்பெனியார் செய்தது. உலகத்திலேயே முதன்முதல் பிரயாணிகளை ஏற்றிச்சென்ற ஜெட் விமானம் அதுவே. 1952-ஆம் வருஷம் மே மாதம் 2-ந்தேதி லண்டனிலிருந்து ஜோகானஸ்பர்குக்குப் புறப்பட்டது. மற்றப் பிரயாணி விமானங்கள் எட்டாத உயரத்தில் பறந்தது. அவ்வளவு உயரத்தில் மனிதன் சுவாசிக்கக் காற்று போதாதாகையால், உள்ளே காற்றை அடைத்து அழுத்தி வைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு சதுர அங்குலத் தகட்டின்மேலும் உள்ளிருந்து 8.25 பவுண்டு பளு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தகடோ ஒரு மில்லிமீட்டர் கனங்கூட இல்லாதது. மேலே போகும்போது உடம்பு உப்பும். கீழே இறங்கினால் சுருங்கும். பிரயாணத்துக்குப் பிரயாணம் இதேதான்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2-ந்தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் சில நிமிஷத்தில் புயலில் சிக்கி உடைந்து, 43 பேர் மாண்டனர். 1954 ஜனவரி 10-ந்தேதி ரோமாபுரியிலிருந்து கிளம்பிய இன்னொன்று எல்பா தீவுக்குப் பக்கத்தில் நல்ல வானிலையிலேயே சிதறிக் கடலில் விழுந்தது; 35 பேர் மாண்டனர். இது, முதல் பிரயாணம் போன அதே விமானம்! மே 2-ந்தேதியில் ஆரம்பம், மே 2-ந்தேதியில் சாவு, முதல் பயணம் போன விமானத்துக்கே முடிவு. நம்மூர் ஜோசியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாள் சரியில்லை, ராசி சரியில்லை, வாஸ்து சரியில்லை என்று பரிகாரத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்க மாட்டானா?

அந்நாட்டாரும் முதலில் ஊகத்தின்மேல்தான் நடந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காமெட்டுகளை நிறுத்திவைத்து, தீப்பிடித்திருக்கலாம், என்ஜின் உடைந்திருக்கலாம் என்று தோன்றிய இடங்களிலெல்லாம் பல மாறுதல்களைச் செய்து, மார்ச் 23-ந்தேதி மறுபடியும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-ந்தேதி மூன்றாவது விமானம், அதுவும் ரோமாபுரியிலிருந்து கிளம்பியது, நேபிள்சுக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர் மாண்டனர். காரணம் தெரியாமல் செய்கின்ற பரிகாரம், அது புரோகிதன் செய்தாலும் சரி, என்ஜினீயர் செய்தாலும் சரி, பலிக்காது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

அதன்பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நம் மக்கள் கவனிக்க வேண்டும். மாதாகோவிலில் மணியடித்துவிட்டு மறுபடி பறக்கவில்லை. எல்லாக் காமெட்டுகளையும் தரையில் நிறுத்தினார்கள். செலவைப் பார்க்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி பிரதம மந்திரி சர்ச்சில் கட்டளையிட்டார். கடற்படைக்காரர்கள் கடலுக்கடியில் டெலிவிஷன் காமிரா இறக்கி, எல்பாவில் விழுந்த விமானத்தைத் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஃபார்ன்பரோ என்னும் ஊரிலுள்ள ராஜாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில், சர் ஆர்னால்டு ஹால் என்பவரின் தலைமையில், அந்தத் துண்டுகளை ஒரு சட்டத்தின்மேல் விமான உருவமாகவே அடுக்கி வைத்து ஆராய்ந்தார்கள். இத்தாலியில் பிணங்களைப் பரிசோதித்த வைத்தியர், நுரையீரல்கள் கிழிந்திருப்பதைக் கண்டு, உள்காற்று திடீரென்று வெளியேறியிருக்க வேண்டுமென்று சொன்னார். அப்படியானால் உடம்பு எங்கே கிழிந்தது, ஏன் கிழிந்தது?

இதற்காக ஒரு முழுக் காமெட் விமானத்தையே எடுத்து, இறக்கைகள் மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உடம்பை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உடம்புக்குள்ளும் தண்ணீரை நிரப்பி, பம்பினால் அழுத்தம் ஏற்றினார்கள். காற்றை ஏற்றாமல் தண்ணீரை ஏற்றுவானேன் என்றால், காற்றடைத்த பலூன் கிழிந்தால் வெடித்துச் சிதறும். தண்ணீர்க் குடம் விரிந்தால் தண்ணீர் கசிந்து நின்றுவிடும். விரிசல் எங்கே தொடங்கிற்று என்று தடயம் அழியாமல் பார்க்கலாம். ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒரு பிரயாணத்தில் நேரும் பாடெல்லாம் சில நிமிஷங்களில் நேரும்படி, இறக்கைகளையும் அசைத்து அசைத்து, பிரயாணத்தின்மேல் பிரயாணமாக நடத்தினார்கள். அந்த விமானம் முன்னே உண்மையில் பறந்ததையும் தொட்டியில் "பறந்ததையும்" சேர்த்து மொத்தம் 3,057-ஆவது தடவையில், 1954 ஜூன் மாதத்தில், அதன் உடம்பு பிளந்துகொண்டது. பிளவு ஜன்னலின் ஒரு முனையிலிருந்து தொடங்கியிருந்தது.

இதன் காரணத்தை ஒரு சிறு பிள்ளையும் புரிந்துகொள்ளலாம். ஒரு கட்டுக்கம்பியை எடுத்து இழுத்துப் பாருங்கள். இரண்டு ஆள் சேர்ந்தாலும் அறாது. அதே கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாகப் பல தடவை வளைத்தால், குழந்தையின் கையிலேயே இற்று வந்துவிடும். ஒரு தடவையில் தாங்கும் பாரத்தை ஆயிரம் தடவையில் உலோகம் தாங்காமல் போகின்றது. இதற்கு உலோகச் சோர்வு என்று பேர். தகட்டில் ஓட்டையோ முனையோ இருக்கும் இடத்தில் பாரம் கூடி நெருக்கும். ஜன்னல் முனையில் செய்தவர்கள் கணக்குப் போட்டதைவிட மிக அதிகமான பாரம் விழுந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து எடுத்த எல்பா விமானத்தின் கூரைத் துண்டிலும், வானொலிக் கருவிக்காக வெட்டியிருந்த ஜன்னல் முனையில், ஒரு போல்ட்டுத் துளையின் ஓரத்தில், அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் ஆரம்பித்த கீறலின் அடையாளம் இருந்தது. விதியுமில்லை, கிரகமுமில்லை. துளையின் ஓரத்தில் ஒரு கீறல்! மே மாதம் 2-ந்தேதியைக் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டிருந்தாலும் அந்தக் கீறல் வளராமல் நின்றிருக்குமா?

இன்னொரு சங்கதியும் உண்டு. கம்பெனியார் சோதிக்காமல் விமானத்தை விட்டுவிடவில்லை. உடம்பின் முன்பகுதி ஒன்றைச் செய்து, 16,000 தடவைக்கு மேல் அழுத்தி இறக்கிப் பார்த்துத்தான் விட்டார்கள். அது தாங்கியது, ஆயிரம் தடவை பறந்த விமானங்கள் ஏன் தாங்கவில்லை? சோதித்த அதே பகுதியைத்தான் அதற்கு முன்னால் இருமடங்கு அழுத்தம் ஏற்றியும் பார்த்திருந்தார்கள். அந்த மிகுந்த அழுத்தத்தில் ஜன்னல் முனைகள் சற்றே இளகி நீண்டன. அழுத்தம் நீங்கியதும் சுற்றியிருந்த தகடு அந்த முனைகளை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த நெருக்கம் கீறல் திறக்கவொட்டாமல் காத்தது. பறந்த விமானங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே சோதனையே அவர்களை ஏமாற்றிற்று. இதையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை. 1954 அக்டோபரில் கோஹன் பிரபுவின் தலைமையில் பகிரங்க விசாரணை வைத்து, உலகமறியச் சொன்னார்கள். பெரியவர்கள் செய்த சோதனையாயிற்றே, கேட்கலாமா என்று ஒருவரும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கவில்லை. செய்தவனே தன் சோதனையைச் சந்தேகித்தான். அந்தச் சந்தேகத்தால் தகடு கனமாயிற்று, ஜன்னல்கள் வளைவாயின, முழு விமானத்தையே வைத்து ஆயிரக்கணக்கான தடவை சோதிப்பது வழக்கமாயிற்று, போட்டிக் கம்பெனிகளும் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. 1958 அக்டோபர் 4-ந்தேதி காமெட்டின் நான்காவது ரகம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் பிரயாணிகளை ஏற்றிச்சென்றது. இன்று விமானத்தில் போகிறவன், ஆஸ்திகனானாலும் நாஸ்திகனானாலும், அந்தத் தண்ணீர்த் தொட்டியின் தயவால்தான் உயிரோடு இறங்குகின்றான்.

நம் சாஸ்திரங்களில் எந்த ஒரு சாஸ்திரமாவது, "இன்ன இடத்தில் தப்பு நேர்ந்தது, இத்தனை பேர் மாண்டார்கள், ஆகையால் இந்தச் சுலோகத்தை மாற்றி எழுதினோம்" என்று சொல்லியதுண்டா என்று கேட்கின்றோம். பஸ்ஸின் அச்சு ஒடிந்து பத்துப் பேர் செத்தால், அச்சு எதனால் ஒடிந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கண் திருஷ்டி என்று சொல்லி, அடுத்த பஸ்ஸுக்குப் பூசணிக்காய் உடைக்கின்றான். அந்த பஸ்ஸின் அச்சிலும் அதே கீறல் இருந்தால் பூசணிக்காய் அதை மூடிவிடுமா?

இங்கே ஒரு கூட்டத்தார் எழுந்து, "விமானம் எங்களுக்குப் புதிதல்ல, புஷ்பக விமானம் இருந்தது, பரத்வாஜ முனிவர் 'வைமானிக சாஸ்திரம்' எழுதினார்" என்பார்கள். 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே இதைப் பேசினார்கள். ஆனால் இந்தப் புத்தகத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து விமானப் பொறியியலார் 1974-லேயே ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். இது முனிவர் காலத்ததல்ல, இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. இதிலுள்ள விமானங்களில் ஒன்றும் பறக்க லாயக்கில்லாதது என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்களும் இந்நாட்டாரே. புஷ்பக விமானம் என்ன உலோகத்தால் செய்தது? அந்த உலோகத்தை யார் தோண்டினான், எவன் உருக்கினான், எவன் ரிவிட்டு அடித்தான்? ஏறிப்போனவன் பேர் இருக்கின்றது. செய்தவனுடைய பட்டறையில் ஒரு ஆணியாவது மிஞ்சவில்லையே, ஏன்?

உண்மையாக இந்நாட்டில் உலோக வித்தை இல்லாமல் இல்லை. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. தென்னாட்டுக் கொல்லன் மூசையிலிட்டு உருக்கிய எஃகு "ஊட்ஸ்" என்ற பேரில் கடல் கடந்து போயிற்று. 1819-இல் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி அதை வாங்கிச் சோதித்து, அதன் மேன்மைக்குக் காரணம் என்னவென்று ஆராய்ந்தார். அந்த ஃபாரடே யார்? ஒரு கொல்லனின் மகன்; புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர். அங்கே கொல்லன் மகன் புத்தகத்தைத் தொட்டான்; விஞ்ஞானியானான். இங்கே எஃகு செய்த கொல்லனைப் படிக்கக் கூடாதென்று வைத்தார்கள். படித்தவன் உலையைத் தொட்டால் தீட்டு என்று வைத்தார்கள். கை ஒரு ஜாதி, மூளை ஒரு ஜாதி என்று பிரித்த தேசத்தில் உலை அணைந்து போனது ஆச்சரியமா? விமானம் என்பது கையும் மூளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாலொழியப் பிறக்காத பண்டம். இன்று ஓசூரிலும் கோயமுத்தூரிலும் நம் பிள்ளைகள் விமான உறுப்புகளைக் கடைந்து கொடுக்கின்றார்கள் என்றால், அது வருணாசிரமம் தளர்ந்ததன் பலனே தவிர, பரத்வாஜ முனிவர் கொடுத்த வரமல்ல.

கடைசியாக, "பூசுவதால் நஷ்டமென்ன?" என்ற கேள்விக்கு வருவோம். விமானத் தொழிற்சாலையிலும் பூச்சு உண்டு. உறுப்பை நன்றாகக் கழுவிச் சிவப்புச் சாயம் பூசுகின்றான். சற்றுப் பொறுத்துத் துடைத்துவிடுகின்றான். பிறகு வெள்ளைப் பொடியைத் தூவுகின்றான். கீறல் இருந்தால் அதற்குள் புகுந்திருந்த சாயம் மேலே கசிந்து, வெள்ளையின்மேல் சிவப்புக் கோடாக எழுதிக் காட்டிவிடும். அங்கேயும் சிவப்பு, வெள்ளை. இங்கேயும் குங்குமம், விபூதி! அவன் பூச்சு மறைந்திருக்கும் கீறலைக் காட்டுகின்றது; நம் பூச்சு தெரிகின்ற கீறலையும் மறைக்கின்றது. இதுதான் நஷ்டம்.

இந்தச் சோதனையிலும் மனிதன் தவறுவதுண்டு. 1989 ஜூலை 19-ந்தேதி அமெரிக்காவில் சூ நகரத்தில் விழுந்த டி.சி.10 விமானத்தில் 296 பேரில் 112 பேர் மாண்டனர். என்ஜினிலிருந்த டைட்டானிய வட்டை உருக்கியபோது உள்ளே நேர்ந்த ஒரு சிறு குற்றம், நாளடைவில் கீறலாகி வளர்ந்து வட்டை உடைத்தது. சாயச் சோதனை செய்தவன் அந்தக் கீறலைக் காணத் தவறினான். விசாரணையில் அதைத் தலைவிதி என்று எழுதவில்லை. சோதனை முறையில் மனிதனுக்கு நேரும் குறைகளைப் போதுமான அளவு கருதாததால் கீறல் கண்டுபிடிக்கப்படாமல் போயிற்று என்று பச்சையாக எழுதினார்கள். அப்படி எழுதினால்தானே அடுத்தவன் கவனமாய்ப் பார்ப்பான்?

ஆகவே தோழர்களே! அடுத்த ஆயுத பூஜைக்கு உங்கள் பட்டறையை மூடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தொழிலாளிக்கு ஒருநாள் ஓய்வு நல்லதுதான். ஆனால் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு எண்ணெய்த் துணியை எடுங்கள். அச்சைத் துடைத்துப் பாருங்கள். லாரிப் பட்டையை, ஏற்றக் கயிற்றை, லேத்தின் பிடியை, பிரேக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூசணிக்காய்க்குப் போடும் காசில் ஒரு போல்ட்டை மாற்றுங்கள். பிள்ளை, பெண் என்று பேதமில்லாமல் இரண்டு பேரையும் தொழிற்பள்ளிக்கு அனுப்புங்கள். ஒன்று உடைந்தால் "யார் கண் பட்டதோ" என்று கேளாமல், "எங்கே கீறல், எதனால் கீறல்?" என்று கேட்கப் பழக்குங்கள்.

உலோகம் யாருடைய ஜாதியையும் கேட்பதில்லை. எந்த மந்திரத்துக்கும் காது கொடுப்பதில்லை. காரணம் தேடுகிறவனுக்கு மாத்திரம் அது பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்க நாம் தயாரா, அல்லது இன்னும் எலுமிச்சம் பழத்தைத்தான் நறுக்கிக்கொண்டிருக்கப் போகின்றோமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.